எந்த ரோட்டுக்கு?

2016 மார்ச்சில் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வெளிவந்தபோது எங்கள் பக்கத்தில் பலருக்கு அது பிடிபடவே இல்லை. புல்லட் என்றால் கனத்த உடம்பு, குரோமியப் பளபளப்பு, தெரு முனைக்கு வரும்போதே கேட்கிற சத்தம் என்று பழகியவர்கள் அவர்கள். எலும்பும் குழாயுமாக உயர்ந்து நின்ற அந்த வண்டியை என்ன கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். எனக்கு முதல் பார்வையிலேயே மனசு போய்விட்டது. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 17. எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே 220 மி.மீ. இடைவெளி. முன் ஃபோர்க் 200 மி.மீ. வரை அமுங்கும், பின் சக்கரம் 180 மி.மீ. ஏறி இறங்கும். 15 லிட்டர் டேங்க். 411 சிசி எஞ்சின் கொடுப்பது 24.5 குதிரைசக்திதான் என்றாலும், இழுவையெல்லாம் நாலாயிரம் சுற்றுக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். தார் ரோட்டில் நாள் முழுக்க ஓட்டலாம், தார் முடிந்த இடத்தில் திரும்பாமல் மேற்கொண்டும் போகலாம். டூயல் ஸ்போர்ட் என்று சொல்லப்படுவது இந்த வகைதான்.

இந்த வகைக்கு நம் நாட்டில் இடம் கிடைக்க நாளானது. 2011-ல் ஹீரோ நிறுவனம் இம்பல்ஸ் என்று 150 சிசி வண்டி ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல வண்டி. ஆனால் அதை வைத்து எங்கே போவது என்று கேட்கிறவர்களே அப்போது அதிகம். சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 2019-ல் அதே நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200 ஒரு லட்சத்துக்குக் கீழான ஷோரூம் விலையில் வந்தபோது காற்று மாறியிருந்தது. சம்பளக்காரப் பையன்களும் மண் ரோட்டுக்கென்று வண்டி வாங்கலாம் என்றானது அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஊர் விளாத்திகுளத்துக்குப் பக்கம், கரிசல் காடு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி மழை விழுந்தால் காலில் கிடக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே மாட்டுவண்டிப் பாதைகளும் ஓடைப் பாதைகளும் இன்றும் இருக்கின்றன. பிழைப்பு சென்னையில். ஆகவே எனக்கு வேண்டிய வண்டி, அறுநூறு கிலோமீட்டருக்குப் பக்கம் நெடுஞ்சாலையில் அலுக்காமல் வந்து, அப்படியே கரிசலுக்குள்ளும் இறங்க வேண்டும். ஹிமாலயன் வாங்கினேன், பிஎஸ்-4 காலத்து ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி.

வண்டி வந்ததும் கோவில்பட்டியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். எங்கள் அப்பாவின் மொபட்டிலிருந்து எங்கள் குடும்பத்து வண்டிகளெல்லாம் அவர் கைபட்டவை. டயர், ஹேண்டில்பார், லைட், பெட்டி என்று எதை முதலில் மாற்றலாம் என்று கேட்டேன்.

“எந்த ரோட்டுக்குக் கேக்கீக, தம்பி?”

“எல்லா ரோட்டுக்கும்தான் அண்ணாச்சி.”

“எல்லா ரோட்டுக்கும்னு ஒரு வண்டி கெடையாது. நூறு கிலோமீட்டர் ஓட்டுனா அதுல தாரு எவ்வளவு, மண்ணு எவ்வளவு? அதச் சொல்லுங்க மொதல்ல. ஒண்ணக் கூட்டுனா இன்னொண்ணு கொறையும். ஒரு வருசம் கம்பெனி குடுத்தபடியே ஓட்டிட்டு வாங்க, அப்பறம் பேசுவோம்.”

அவர் சொன்னபடியே ஓட்டினேன். அந்த ஒரு வருடம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் பட்டியலும் கற்றுக்கொடுத்திருக்காது. என் நூறு கிலோமீட்டரில் எண்பதுக்கு மேல் தார். மண்ணில் நின்றுகொண்டு ஓட்டும்போது குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொள்கிறது. சுமை ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, ஹெட்லைட் வெளிச்சம் புளியமரத்து உச்சிக்குப் போகிறது. மழைக்காலக் கரிசலில் முன் சக்கரம் நின்றுவிடுகிறது. மாற்ற வேண்டியவை எவை என்று இப்போது தெரிந்திருந்தது. ஆசைப்பட்ட பலவற்றுக்கு அதில் இடமே இல்லை.

கரிசல் விஷயத்தை முதலில் எடுத்தோம். ஹிமாலயனில் முன்பக்கம் இரண்டு மட்கார்டு. ஒன்று ஹெட்லைட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பது, இன்னொன்று டயரை ஒட்டி இருப்பது. தார் ரோட்டில் சேற்றுநீர் தெறிக்காமலிருக்க அந்த ஒட்டிய மட்கார்டு வேண்டும். ஆனால் ஈரக் கரிசல் டயரில் சுருட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படலம் சேர்ந்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகி, அரை பர்லாங்கு தாண்டுவதற்குள் சக்கரத்தைப் பூட்டிவிடும். வேலிக்குச்சி ஒடித்துக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். அண்ணாச்சி பக்கத்து லேத் பட்டறையில் நான்கு அலுமினிய புஷ் கடைந்து வாங்கி, மட்கார்டை இரண்டு விரல் கனத்துக்கு உயர்த்தினார். சேறு இறுகாமல் வெளியே விழுந்தது. அதற்கு விலையும் இருந்தது. சென்னைக்குத் திரும்பும்போது மழை பெய்தால் தெறிக்கிற தண்ணீர் முழுவதும் எஞ்சின் மேலும் பூட்ஸ் மேலும்தான். தை பிறந்ததும் புஷ்களைக் கழற்றிவிடுவோம், அடுத்த ஐப்பசியில் திரும்ப மாட்டுவோம்.

டயர் விஷயத்திலும் அதே கணக்குதான். பெரிய பெரிய கட்டை வைத்த பட்டன் டயர் மண்ணைக் கவ்வும், தேரி மணலிலும் ஏறும். ஆனால் தார் ரோட்டில் அந்தக் கட்டைகளின் முனை மட்டும்தான் தரையைத் தொடுகிறது. ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் வழுக்கும், நெடுஞ்சாலைச் சூட்டில் சீக்கிரம் தேயும், இரைச்சல் வேறு. எண்பது பங்கு தாரில் ஓட்டுகிறவனுக்கு அது ஆகாது. வண்டியோடு வந்த இரண்டுங்கெட்டான் கட்டை டயரையே வைத்துக்கொண்டு காற்றை மட்டும் மாற்றினேன். தாரில் முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிற டயரைத் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணலில் 16, 18-க்கு இறக்கினால் அது பரந்து படிந்து மணலுக்கு மேலே மிதந்து போகும். அதே காற்றோடு பாறை ரோட்டில் போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு கீறல் விழும். தார் ஏறியதும் மறுபடி காற்றை ஏற்றிவிட வேண்டும். ஆக, புது டயர் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கிற காற்றுமானியும் கைப்பம்பும் என் வண்டியை இரண்டு வண்டியாக்கின.

மண்ணில் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். உட்கார்ந்திருந்தால் குழியில் விழுகிற ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் விழும். நின்றால் முழங்காலும் கணுக்காலும் அதை வாங்கிக்கொள்ளும், வண்டியும் தன் போக்கில் ஆடி நிமிரும். ஹேண்டில்பாருக்குக் கீழே 25 மி.மீ. உயரத்துக்கு ரைசர் வைத்தோம், குனிவது நின்றது. ஆனால் ஹேண்டில்பார் உயர்ந்தால் கேபிள்கள் இழுபடும். அண்ணாச்சி எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினார், பிறகு வலப்பக்கம். திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஒரு இழை ஏறினாலும் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். முதல் தடவை ஏறியது. டேங்குக்கு அடியில் கேபிளின் வழியை மாற்றி, கிளிப்பைத் தளர்த்தி, மறுபடி திருப்பிப் பார்த்தார். சத்தம் மாறவில்லை என்று உறுதியான பிறகே வண்டியை என்னிடம் கொடுத்தார்.

கிளட்ச், பிரேக் லீவர்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் அவர் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். கிளாம்ப்பைக் கழற்றி, ஹேண்டில்பாரில் அந்த இடத்தில் குழாய்க்காரர்கள் சுற்றுகிற டெஃப்லான் டேப்பைச் சுற்றி, ஓங்கித் தட்டினால் திரும்புகிற அளவுக்கு மட்டும் போல்ட்டை முறுக்கினார். வண்டி சாய்ந்து விழுந்தால் லீவர் ஒடியாமல் சுழன்று கொடுக்கும். கையால் திருப்பி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். புதிய கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்தே ஓடவிட்டு, இரண்டு நுனியையும் டேப் சுற்றி மூடி வைத்தார். வழியில் கேபிள் அறுந்தால் டேங்கைத் தூக்காமலே மாற்றிக்கொள்ளலாம்.

பின்பக்கம் உட்கார்ந்துபோவதற்குப் பலர் புது ஷாக் அப்சார்பர் வாங்கச் சொன்னார்கள். அண்ணாச்சி தையல்காரர் டேப்பை எடுத்தார். வண்டியைத் தூக்கி, பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே வைத்த குறி வரை அளந்தார். பிறகு நான் ஹெல்மெட், பூட்ஸோடு, கட்ட வேண்டிய மூட்டையும் கட்டி உட்கார்ந்தேன். ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, அவர் மகன் அதே இடத்தை மறுபடி அளந்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் ஏறி இறங்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 180-க்கு 55 மி.மீ. அளவு சரி. எனக்கு எழுபதைத் தாண்டியது. கொக்கி ஸ்பேனரை ஸ்பிரிங்கின் காலரில் போட்டுச் சில படி ஏற்றினார். 55-க்கு வந்தது. ஹெட்லைட் ரோட்டுக்கு இறங்கியது, சரளைக்கல்லில் முன் சக்கரம் மிதப்பது நின்றது. காசு செலவில்லை.

கழற்றாமல் விட்டதும் ஒன்று உண்டு. சென்டர் ஸ்டாண்டைக் கழற்றினால் கனம் குறையும், கல்லில் இடிக்காது என்று நண்பர்கள் சொன்னார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஸ்போக்ஸ் சக்கரத்தில் டியூப் போட்ட வண்டிக்குப் பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். கோவில்பட்டியில் என்றால் பஞ்சர் கடை இருக்கிறது. நான் போக நினைத்திருந்த இடத்தில் கடையே கிடையாது. ஸ்டாண்ட் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த இடம் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு. மணாலிக்கு அப்பால் அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்த பிறகு ஒரு கோடையில் எக்ஸ்பல்ஸ் வைத்திருந்த நண்பரோடு கிளம்பினேன். டேங்கில் ஒரு சொட்டு இல்லாமல் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றித் தைத்து, ரயில் பார்சலில் வண்டிகளை டெல்லிக்கு அனுப்பினோம். சாமானுக்கு அலுமினியப் பெட்டி வேண்டாம் என்பது முன்பே முடிவானது. பெட்டி காலியாக இருக்கும்போதே கனம், விழுந்தால் அதற்கும் பாறைக்கும் நடுவே கால் மாட்டும். தண்ணீர் புகாத துணிப் பைகளை, பின் அச்சுக்கு முன்னால், முடிந்தவரை தாழ்வாகக் கட்டினோம். மணாலியிலிருந்து ஸ்பிதியின் காஸா வரை சுமார் இருநூறு கிலோமீட்டருக்கு நடுவே அப்போது பெட்ரோல் பங்க் இல்லை. அந்தத் தூரத்துக்கு 15 லிட்டர் டேங்க் தாராளம், அதனால் கேன் எடுக்கவில்லை. லே போகும் பாதையின் கணக்கு வேறு. அந்த வழியிலுள்ள டாண்டியில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று வைத்த பலகை பைக் ஓட்டுகிறவர்களிடையே பிரசித்தம். அங்கே ஐந்து லிட்டர் கேன் அவசியச் சாமான்.

டெல்லியிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் நண்பரின் வண்டியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மலை ஏற்றத்துக்காக முன் செயின் பாக்கெட்டில் ஒரு பல் குறைத்திருந்தார். என் வண்டியின் முன் பாக்கெட்டில் 15 பல். அதை 14 ஆக்கினால் இழுவை ஏறத்தாழ 7 சதவீதம் கூடும், அதே வேகத்துக்கு எஞ்சினும் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். சிறிய எஞ்சினில் அது நன்றாகவே தெரிந்தது. அவர் வண்டி நாளெல்லாம் அலறிக்கொண்டு வந்தது. கிராம்ஃபூ தாண்டித் தார் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. சந்திரா ஆற்றை ஒட்டிப் போகும் அந்த ரோட்டில் பெரும்பகுதி உருண்டைக்கல். குறுக்கே பனி உருகி ஓடும் நாலாக்கள். வெயில் ஏற ஏற அவற்றில் தண்ணீர் ஏறும், அதனால் விடியற்காலையிலேயே கடந்துவிட வேண்டும். 154 கிலோ எக்ஸ்பல்ஸ் நடைவேகத்தில், கிளட்ச்சைத் தொடாமல், கல்லுக்குக் கல் ஏறிப் போனது. இருநூறு கிலோவை நெருங்கும் என் வண்டியை நான் பார்த்துப் பார்த்து இறக்கினேன். அவரவர் கொடுத்த விலைக்கு அவரவருக்குப் பலன் கிடைத்தது.

பாத்தல் என்ற இடத்துக்கு முன்னால் என் பின் டயரில் காற்று இறங்கியது. சென்டர் ஸ்டாண்டைப் போட்டேன். அச்சு நட்டைக் கழற்றி, சக்கரத்தை முன்னால் தள்ளிச் செயினை இறக்கி, அச்சை உருவியதும் சக்கரம் கையோடு வந்தது. வால்வைப் பிடுங்கிக் காற்று முழுவதையும் விட்ட பிறகும் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு அகலவில்லை. பூட்ஸால் ஏறி மிதித்தும் அசையவில்லை. நண்பரின் வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் சைடு ஸ்டாண்டின் பாதத்தை டயரின் விளிம்பில் வைத்து, வண்டியின் கனம் முழுவதையும் அதன்மேல் சாய்த்தோம். டப்பென்று இறங்கியது. எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் முழங்காலால் அழுத்திக்கொண்டு இந்தப் பக்கம் லீவரைப் போட்டால், பலமே வேண்டியதில்லை. டயருக்குள் துணியைச் சுற்றிய விரலை மெதுவாக ஓட்டியதில் ஒரு கம்பித் துண்டு தட்டுப்பட்டது. அதைப் பிடுங்கிவிட்டு, புது டியூபில் உருவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வைத்தோம். தட்டையாக வைத்தால் லீவரில் மாட்டிக் கிழியும். கடைசி மடக்கு வால்வுக்குப் பக்கத்தில் முடியும்படி ஏற்றி, கைப்பம்பால் அடித்தோம். கிளம்பும் முன் ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டினேன். இறுகியது மணிபோல ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். தளர்ந்தவற்றை முறுக்கிவிட்டுப் புறப்பட்டோம்.

காஸா போகும் வழியில் 4,551 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குன்சும் கணவாய். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. எஞ்சின் தருகிற சக்தியும் அதே அளவுக்கு விழுந்துவிடும். 24.5 குதிரைசக்தி வண்டி அங்கே 14-ஐச் சுற்றி நிற்கும். எந்தச் சாமானை மாட்டியும் அதைத் திரும்ப வாங்க முடியாது, சுமையைக் குறைத்தால் மட்டுமே கொஞ்சம் ஈடுகட்டலாம். ஊரிலேயே விட்டுவந்த ஒவ்வொரு கிலோவும் அந்த ஏற்றத்தில் எங்களுக்கு உதவியது.

மாற்றங்களைப் பற்றி எழுதும்போது சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எஞ்சின், சட்டகம் பக்கம் போகக் கூடாது. சைலன்சரைத் தொடவே வேண்டாம். வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைச் சுற்றிய காடுகளிலும் யானை நடக்கிறது. சத்தத்தை நாம் பெருமையென்று நினைக்கலாம், யானைக்கு அது மிரட்டல். மலைக்கிராமத்தில் தொட்டிலில் தூங்குகிற பிள்ளைக்கும் அப்படித்தான். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டியை இறக்குவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்யத்தகாத காரியம். ஏரிக்கரையில் ஏறிக் கரையை உடைப்பதும், விதைத்த புஞ்சையில் தடம் போடுவதும் ஆஃப் ரோடு ஓட்டுவது ஆகாது. கொல்லிமலையின் 70 வளைவுகள் இருக்கின்றன. ஜவ்வாதுமலையில் ஊருக்கு ஊர் போகும் சாலைகள் இருக்கின்றன. ஊர்க்காரர் சம்மதித்தால் வறண்ட கண்மாயில் எட்டுப் போட்டுப் பழகலாம். நமக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

இப்போது ஹிமாலயன் 452 சிசியாக வளர்ந்து 40 குதிரைசக்தி கொடுக்கிறது. தொழிற்சாலையிலேயே நெடிய சஸ்பென்ஷன் வைத்த எக்ஸ்பல்ஸும் வந்துவிட்டது. கடைகளில் மாட்டுவதற்கு ஆயிரம் சாமான்கள் தொங்குகின்றன. புதிதாக வண்டி எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வருடம் வந்தபடியே ஓட்டுங்கள். உங்கள் நூறு கிலோமீட்டரில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். முதலில் காற்று, பிறகு ஸ்பிரிங், பிறகு நிற்கும் உயரம், அதற்குப் பிறகு டயர், கடைசியில்தான் மற்றவை. அதற்கெல்லாம் முன்னால் இரண்டு டயர் லீவரும் ஒரு கைப்பம்பும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பின் சக்கரத்தை நீங்களே கழற்றி, டியூபை மாற்றி, திரும்ப மாட்டிப் பாருங்கள். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு எந்தச் சாமான் தேவை, எது தேவையில்லை என்பது தானாகத் தெரியும்.